கோடைக்கால வகுப்புக் கட்டணம்: பணம் திரும்புவது காரணத்தால் அல்ல, தேதியால்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் முதுகலை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்தவர்கள் உண்டு. தாயின் நகையை விற்றவர்கள் உண்டு. ஊழியர் சேமநிதியில் கல்விக்கென்று அனுமதிக்கப்படும் பணத்தை எடுத்தவர்களும் உண்டு. சேமநிதியிலேயே விட்டிருந்தால் ஆண்டுதோறும் இலாப ஈவு சேர்ந்திருக்கும். முதுமைக்கென்று ஒதுக்கியதைத்தான் பிள்ளையின் படிப்புக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

கொடுத்த பணம் படிப்பாக மாறினால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் பாடமும் படிக்காமல், பட்டத்துக்கும் எதுவும் சேராமல், பல்லாயிரம் ரிங்கிட் கைவிட்டுப் போகிற ஓர் இடம் இருக்கிறது. கோடைக்கால வகுப்பில் பெயர் பதிந்து, பணம் கட்டி, பிறகு மனம் மாறியோ உடல்நலம் குன்றியோ விலகுகிறார்களே, அந்த இடம்தான். "பிள்ளை படிக்கவே இல்லையே, பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தருவார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையைப் பற்றியதுதான் இன்றைய உரை.

ஆசிரியர்களுக்கு வழி திறந்த வகுப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும். பெரும்பாலான இடங்களில் டிசம்பர் வரை ஒரு பருவம், ஜனவரி முதல் மே வரை இன்னொரு பருவம். அதன் பிறகு ஆகஸ்டு வரை நீண்ட கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் நடப்பவையே கோடைக்கால வகுப்புகள்.

இது புதிய ஏற்பாடு அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1871-லேயே கோடைப் பள்ளியைத் தொடங்கிவிட்டது. 1892-இல் திறக்கப்பட்ட சிக்காகோ பல்கலைக்கழகம், ஆண்டை நான்காகப் பிரித்துக் கோடையையும் ஒரு முழுப் பருவமாகவே வகுத்துக்கொண்டது. பள்ளி ஆசிரியர்கள் தங்கள் விடுமுறையில் வந்து, சில கோடைகளில் படித்து மேற்பட்டம் பெற இந்த வகுப்புகள் வழி திறந்துவிட்டன.

இன்று முதுகலை மாணவர்கள் பல காரணங்களுக்காக இதில் சேர்கிறார்கள். பட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் தங்கும் செலவு குறையும். இலையுதிர்காலத்தில் எடுக்க வேண்டிய பாடத்துக்கு முன்பாடம் ஒன்று தேவைப்படும். கடைசியாக மீதமிருக்கும் ஒரே பாடத்தை முடித்துவிட்டு வேலை தேடலாம் என்றும் நினைப்பார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். கோடை வகுப்பு கெட்டதல்ல. அதன் கணக்கு தெரியாமல் பணம் கட்டுவதுதான் கெடுதல்.

15 வாரம் 5 வாரமாகச் சுருங்கும்போது

அங்கே கட்டணத்தையும் பாட அளவையும் 'கிரெடிட்' என்ற அலகால் கணக்கிடுகிறார்கள். ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் என ஏறத்தாழ 15 வாரங்கள். முதுகலைப் பாடம் ஒன்று பெரும்பாலும் 3 கிரெடிட். அதாவது 45 மணி நேர வகுப்பு, 90 மணி நேரச் சொந்த உழைப்பு.

கோடையில் இதே பாடம் 5 அல்லது 6 வாரங்களில் முடிந்துவிடுகிறது. பாடம் குறைவதில்லை, நாட்கள்தான் குறைகின்றன. 5 வார வகுப்பு என்றால் வாரத்துக்கு 9 மணி நேர வகுப்பும் 18 மணி நேர உழைப்பும் தேவை. இரண்டு பாடங்கள் எடுத்தால் வாரத்துக்கு 54 மணி நேரம்! "கோடை வகுப்பு இலேசாக இருக்கும்" என்று நம்பிச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே திணறுவதற்கு இதுதான் காரணம்.

திணறலோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. சாதாரணப் பருவத்தில் ஒரு வாரம் என்பது 15-இல் ஒரு பங்கு. கோடையில் ஒரு வாரம் என்பது 5-இல் ஒரு பங்கு. "ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்று சொல்லும் பிள்ளை, கோடையில் வகுப்பின் ஐந்தில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார். அதற்குள் பணம் திரும்பும் கதவு மூடியிருக்கும்.

அமெரிக்க அரசே இப்படித்தான் நாட்களை எண்ணுகிறது. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பெறும் மத்திய அரசுக் கல்வியுதவியில் ஒரு விதி உண்டு. மாணவர் படிப்பை இடையில் விட்டால், அவர் இருந்த நாட்களின் விகிதத்துக்கு ஏற்பவே அந்த உதவி அவருக்கு உரியதாகும். பருவத்தில் 60 விழுக்காட்டு நாட்களைக் கடந்த பிறகே முழுத் தொகையும் அவருடையது. 105 நாள் பருவத்தில் அது 63 நாள். 35 நாள் கோடை வகுப்பில் வெறும் 21 நாள். நம் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடையாது என்றாலும், கோடையில் நாட்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதற்கு இது நல்ல அளவுகோல். பல்கலைக்கழகங்கள் தங்கள் கட்டணத்துக்கு வைத்திருக்கும் அட்டவணையோ பல இடங்களில் இதைவிடக் கடுமையானது.

ஏன் இந்தக் கண்டிப்பு?

கோடை வகுப்புகள் பல இடங்களில் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்ள வேண்டியவை. போதிய மாணவர்கள் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். சேராவிட்டால் ரத்தாகும். விரிவுரையாளரின் கோடைக்காலச் சம்பளமும் பல இடங்களில் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட நாளில் தலைகளை எண்ணி முடித்துவிட்டால், அதன் பிறகு விலகுகிறவரின் இடத்துக்கு வேறு ஆள் வரப்போவதில்லை. எனவேதான் அந்த நாள் வரை முழுப் பணம், அதற்குப் பிறகு பாதி அல்லது கால், அதற்கும் பிறகு ஒன்றுமில்லை என்று வைத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகமே வகுப்பை ரத்து செய்தால் அந்த வகுப்பின் கட்டணம் பொதுவாக முழுமையாகத் திரும்பும். ஆனால் அதை நம்பி எடுத்த விமான டிக்கெட்டுக்கும், முன்பணம் கொடுத்த வாடகை அறைக்கும் அவர்கள் பொறுப்பல்ல.

விலகலிலும் இரண்டு வகை

இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் குழம்புகிறார்கள். விலகுவதற்கு அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'டிராப்'. மற்றது 'வித்டிரா'. தமிழில் இரண்டையும் விலகல் என்றே சொல்வோம். பணக் கணக்கில் இரண்டும் வெவ்வேறு.

'டிராப்' என்றால் தொடக்க நாட்களுக்குள் பாடத்தை நீக்குவது. அந்தப் பாடம் மதிப்பெண் பட்டியலில் இருக்காது. பணமும் முழுமையாகவோ பகுதியாகவோ திரும்பும். 'வித்டிரா' என்றால் அந்த நாட்கள் கடந்த பிறகு வெளியேறுவது. பட்டியலில் 'டபிள்யூ' என்ற எழுத்து நிற்கும். தோல்வி என்று எழுதாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். பணம் பெரும்பாலும் திரும்பாது.

நாட்காட்டியில் இரண்டுக்கும் வெவ்வேறு கடைசித் தேதிகள் போட்டிருப்பார்கள். "விலகுவதற்கு ஜூன் 20 வரை அவகாசம் இருக்கிறது" என்று பிள்ளை நிம்மதியாக இருப்பார். அது படிப்பிலிருந்து விலகும் தேதி. பணம் திரும்பும் தேதி ஜூன் முதல் வாரத்திலேயே போயிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி தலா 3 கிரெடிட் கொண்ட இரண்டு பாடங்களில் சேர்கிறார். ஒரு கிரெடிட்டுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6,000 டாலர். ஒரு டாலருக்கு 4.20 ரிங்கிட் என்று கொண்டால் 25,200 ரிங்கிட். அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்டவணை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: வகுப்பு தொடங்கும் நாள் வரை 100 விழுக்காடு, அடுத்த மூன்று நாட்கள் வரை 50 விழுக்காடு, பிறகு பூச்சியம்.

வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. சுமை அதிகம் என்று செவ்வாய்க்கிழமை மாணவி உணர்கிறார். ஒரு பாடத்தை விட்டுவிடுவதாக விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். விரிவுரையாளரும் "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அன்பாகப் பதில் எழுதுகிறார். மாணவி அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். ஆனால் பதிவு முறையில் போய்ப் பாடத்தை நீக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கணக்கைத் திறந்து பார்க்கும்போது 3,000 டாலரும் அப்படியே நிற்கிறது. செவ்வாயன்றே நீக்கியிருந்தால் 1,500 டாலர் திரும்பியிருக்கும். தொடங்கும் நாளிலேயே நீக்கியிருந்தால் 3,000 டாலரும் திரும்பியிருக்கும். ஒரு வாரத் தாமதத்தின் விலை 12,600 ரிங்கிட்!

"அப்பா, அந்த வகுப்புக்கு நான் போகவே இல்லையே!" என்று அந்தப் பெண் சொல்லலாம். வகுப்புக்குப் போகாமல் இருப்பது விலகல் ஆகாது. விரிவுரையாளரிடம் சொல்வதும் விலகல் ஆகாது. பதிவு முறையில் நீக்கினால், அல்லது உரிய படிவத்தை உரிய அலுவலகத்தில் கொடுத்தால் மட்டுமே விலகல். எந்தத் தேதியில் அதைச் செய்தோமோ அந்தத் தேதிதான் கணக்கு. நீக்காமல் விட்டால் பணமும் போகும், பாடத்தில் தோல்வி என்றும் பதிவாகும்.

பணம் கட்டாமல் இருந்தால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் நீக்கிவிடும். வேறு சில, பெயரை வைத்துக்கொண்டு அபராதத்தோடு கட்டணத்தைக் கேட்கும், அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய விடாது. எனவே அதையும் நம்பி இருக்க முடியாது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இதைப் புரிய வைப்பது எளிது. மழை வருவதற்கு முன்னால் பால் எடுத்தாக வேண்டும். மழை விழுந்த பிறகு கோப்பையில் இருப்பதைக் கொண்டுபோய் யாரிடம் நியாயம் கேட்பது? மரம் வெட்டியது உண்மைதான், உழைத்ததும் உண்மைதான். ஆனால் நேரம் தவறிவிட்டது.

நேர வேறுபாடும் விடுமுறை நாட்களும்

கோடையில் ஊருக்கு வந்து, இணையம் வழியாக அதே பல்கலைக்கழகத்தின் பாடத்தைப் படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். கடைசி நேரம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படும். கோடையில் கோலாலம்பூர் நியூயார்க்கைவிட 12 மணி நேரமும், லாஸ் ஏஞ்சல்ஸைவிட 15 மணி நேரமும் முன்னே இருக்கிறது. நாம் காலை 10 மணிக்குத் தொலைபேசியை எடுக்கும்போது நியூயார்க்கில் முந்தைய இரவு 10 மணி. அலுவலகம் பூட்டியிருக்கும். மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வர ஒரு நாள், அதற்கு மறுபதில் எழுத இன்னொரு நாள். மூன்று நாள் அவகாசம் இப்படியே கரைந்துவிடும்.

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கள், ஜூன் 19, ஜூலை 4 ஆகியவை பொது விடுமுறைகள். இவற்றில் ஜூன் 19 என்பது 2021-இல்தான் மத்திய அரசு விடுமுறையானது. அலுவலகம் மூடியிருந்தாலும் கணினியில் தேதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைசித் தேதி விடுமுறையை ஒட்டி வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசாவை மறந்துவிடக் கூடாது

வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் எஃப்-1 விசாவில் இருக்கிறார்கள். ஒரு கல்வியாண்டை முடித்து, அடுத்த பருவத்தில் தொடர இருப்பவருக்குக் கோடை என்பது விடுமுறை. அவர் கோடையில் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் படிப்பே கோடையில்தான் தொடங்குகிறது என்றால் நிலைமை வேறு. அப்போது முழுப் பாடச்சுமை தேவை. ஒரு பாடத்தை நீக்குவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1,500 டாலரைக் காப்பாற்றப் போய் விசாத் தகுதியை இழந்தால் அது எவ்வளவு பெரிய நட்டம்! முதலில் அந்த அலுவலகம், பிறகே பதிவு முறை. ஆனால் இரண்டும் அந்தச் சில நாட்களுக்குள்.

விரிவுரையாளருக்கு உதவியாளராக வேலை செய்து கட்டணச் சலுகை பெறும் மாணவர்களும் கவனிக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் பல இடங்களில் ஆகஸ்டு முதல் மே வரைதான். கோடைக்கும் சலுகை தொடர்கிறது என்று நினைத்துச் சேர்ந்தவருக்கு முழுக் கட்டண ரசீது வந்து நிற்கும். எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பெயர் பதிய வேண்டும்.

பணம் கட்டிய அப்பாவுக்குப் பதில் கிடைக்காது

நம் ஊர்ப் பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவரின் கல்விப் பதிவுகளைப் பாதுகாக்கிறது. உயர்கல்வியில் சேர்ந்தவுடன் அந்த உரிமை மாணவருடையதாகிவிடுகிறது. கட்டணக் கணக்கும் அதில் அடங்கும். தந்தையே பணம் அனுப்பியிருந்தாலும், பிள்ளை எழுத்து மூலம் சம்மதம் கொடுக்காதவரை, "என் மகன் இந்தப் பாடத்தில் இருக்கிறானா, விலகிவிட்டானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அலுவலகம் மறுக்கலாம். பணம் அனுப்புவதற்கு முன்பே பிள்ளையிடம் அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. இது சந்தேகம் அல்ல. மருத்துவமனையில் பிள்ளை படுத்திருக்கும்போது, அவருக்காகப் பேச இன்னொருவர் வேண்டும் அல்லவா?

திரும்பும் பணம் முழுதாக வருமா?

விதிப்படி திரும்பும் பணமும் நேராக வீட்டுக்கு வந்துவிடாது. முதலில் மாணவரின் கணக்கில் வரவு வைக்கப்படும். விடுதி, காப்புறுதி என்று வேறு பாக்கி இருந்தால் கழித்துக்கொள்வார்கள். மீதியைப் பொதுவாக வந்த வழியிலேயே அனுப்புவார்கள். கடன் அட்டையில் கட்டியது அட்டைக்கு, வங்கியிலிருந்து வந்தது வங்கிக்கு. பதிவுக் கட்டணம் போன்ற சில தொகைகள் எப்போதுமே திரும்புவதில்லை.

நாணய மாற்றும் விளையாடும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. 1998-க்குப் பிறகு அதுவே ரிங்கிட்டின் மிகத் தாழ்ந்த நிலை. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஏறத்தாழ 4.12 ரிங்கிட்டாக இறங்கியது. பிப்ரவரியில் 14,400 ரிங்கிட் கொடுத்து 3,000 டாலர் அனுப்பியவருக்கு, செப்டம்பரில் அதே 3,000 டாலர் முழுதாகத் திரும்பினாலும் கிடைப்பது 12,360 ரிங்கிட். பல்கலைக்கழகம் ஒரு காசு பிடிக்கவில்லை, ஆனால் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. தேவைக்கு மேல் முன்கூட்டியே பணம் அனுப்பி வைப்பதும், திரும்ப வேண்டியதைக் கேட்காமல் விட்டுவைப்பதும் ஏன் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கட்டணத்தில் தள்ளுபடி வாங்கித் தருவதாகச் சொல்லி, தங்கள் வழியாகப் பணம் கட்டச் சொல்லும் ஆட்களிடம் எச்சரிக்கை தேவை. திருடிய அட்டையில் கட்டணத்தைக் கட்டி, மாணவரிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு மறையும் மோசடி நடந்துகொண்டிருக்கிறது. பிறகு அட்டைக்காரர் புகார் செய்தால் கட்டணம் பறிபோகும், பாக்கி மாணவர் தலையில் விழும்.

தேதி போன பிறகு?

நோய், குடும்பத்தில் மரணம் போன்றவற்றுக்குப் பல பல்கலைக்கழகங்களில் மேல்முறையீடு உண்டு. மருத்துவரின் கடிதத்தில் நோயின் தேதியும் வகுப்பின் தேதியும் பொருந்த வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். கட்டணக் காப்புறுதியும் விற்கிறார்கள். அதை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். "எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது", "வகுப்பு பிடிக்கவில்லை" என்பவையெல்லாம் அங்கே காரணங்கள் ஆவதில்லை. 2020-இல் கோவிட் தொற்றால் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டுப் பல மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சில பல்கலைக்கழகங்கள் சமரசமாகப் பணம் கொடுத்தன. சில வழக்குகள் தள்ளுபடியாயின. உலகமே முடங்கிய காலத்திலும் பணம் தானாகத் திரும்பவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில், 2009-ஆம் ஆண்டுத் தனியார் கல்விச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஏற்பாட்டில், தனியார் கல்வி நிலையங்கள் மாணவரோடு செய்யும் பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் 7 வேலை நாட்கள் யோசிக்கும் அவகாசம் இருக்கிறது. பணம் திரும்பும் அட்டவணையும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கும். அமெரிக்காவில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ஒரே அட்டவணை கிடையாது. ஒவ்வொன்றும் தன் அட்டவணையைத் தானே வகுக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் 5 வார வகுப்புக்கு ஒரு தேதி, 10 வார வகுப்புக்கு வேறு தேதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது நம் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை "அப்பா, கோடை வகுப்புக்குப் பணம் அனுப்புங்கள்" என்று கேட்டால் மறுக்க வேண்டாம். இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். "முழுப் பணமும் திரும்பும் கடைசித் தேதி எது? எந்த இடத்தில், எப்படி நீக்க வேண்டும்?" பதிலைத் தாளில் எழுதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு பிள்ளைக்குத் தொலைபேசி செய்து, "சுமை தாங்குகிறதா? தொடரப் போகிறாயா?" என்று விசாரியுங்கள். தொடர்வதாகச் சொன்னால் வாழ்த்துங்கள். முடியாது என்று சொன்னால் திட்ட வேண்டாம். பெற்றோர் திட்டுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கும் அந்த நான்கு நாட்களில்தான் பணம் போகிறது. "சரிம்மா, இப்போதே நீக்கிவிடு" என்ற ஒரு சொல், பெற்றோரின் முதுமைச் சேமிப்பில் ஒரு பகுதியைக் காப்பாற்றிவிடும்.